விழிப்புக் கூலி

கடலூருக்குத் தெற்கே அரசு கட்டிக்கொண்டிருந்த கடல் தடுப்புச் சுவரில் நூறு பேருக்கு மேல் வேலை செய்வதாக மீனவர்கள் சொன்னார்கள். படகிலிருந்து பார்த்தால் எறும்பு மாதிரி தெரிகிறார்களாம். ஆனால் ஒப்பந்த நிறுவனம் வாராவாரம் அனுப்பும் கூலி அறிக்கையில் பத்துப் பேர்தான் இருந்தார்கள். அந்தப் பத்துப் பேருக்கும் சட்டப்படியான கூலி, சொன்ன நாளில், அவரவர் வங்கிக் கணக்குக்குப் போயிருந்தது.

தொழிலாளர் ஆய்வாளர் ஜெசிந்தா சிரித்துக்கொண்டாள். அரசுப் பணத்தில் நடக்கும் எந்தக் கட்டுமானமானாலும் அந்த வட்டாரத்தில் நிலவுகிற கூலியைக் குறைக்காமல் கொடுக்க வேண்டும். கொத்தனாருக்குக் கொத்தனார் கூலி, சித்தாளுக்குச் சித்தாள் கூலி. கொடுத்ததைக் கணக்குக் காட்டவும் வேண்டும். காட்டிய கணக்கு நிஜமா என்று பார்ப்பதுதான் அவள் பிழைப்பு. கொத்தனாரைச் சித்தாள் என்று எழுதுவது, ஒரே ஆளை இரண்டு பெயரில் காட்டுவது, போட்ட பணத்தில் பாதியை மேஸ்திரி மூலம் திரும்ப வாங்குவது என்று ஒப்பந்தக்காரர்களின் எல்லாத் தகிடுதத்தமும் அவளுக்கு அத்துப்படி. ஆளையே மறைப்பதும் பழைய கதைதான் என்று நினைத்துக்கொண்டு, ஒரு மே மாத நண்பகலில் முன்னறிவிப்பில்லாமல் போய் இறங்கினாள். வெயில் அவ்வளவு கடுமையாகிவிட்ட காலம் அது. உச்சி நேரத்தில் திறந்த வெளியில் ஆள் வைத்து வேலை வாங்கக் கூடாது என்று சட்டமே வந்திருந்தது. யாராவது வேலை செய்தால் அதற்கும் சேர்த்து ஒரு வழக்குப் போடலாம்.

வேலை நடந்துகொண்டுதான் இருந்தது. சுவர் நெடுக ஆட்கள். கழுத்திலிருந்து கால் வரை சாம்பல் நிற உறை, தலையில் கனமான தொப்பி. சாரத்தில் ஏறினார்கள், கல் வைத்தார்கள், கம்பி வளைத்தார்கள். ஜெசிந்தாவுக்கு முதலில் உறுத்தியது சத்தம்தான். கல் உரசும் சத்தம், கலவை இயந்திரத்தின் சத்தம், அலையின் சத்தம் எல்லாம் இருந்தன. மனுஷச் சத்தம் இல்லை. ஒருவன் இருமவில்லை, ஒருத்தி அடுத்தவளைக் கூப்பிடவில்லை, யாரும் யாரையும் திட்டவில்லை. அத்தனை ஆட்கள் இருந்த கட்டட வேலையில் அப்படியொரு அமைதியை அவள் கண்டதில்லை.

கலவைச் சட்டியோடு எதிரே வந்த பெண்ணை நிறுத்திப் பெயர் கேட்டாள். அந்தப் பெண் நிற்கவில்லை. விலகி நடந்தாள். ஜெசிந்தா கூடவே நடந்து, குனிந்து, தொப்பிக்குக் கீழே இருந்த முகத்தைப் பார்த்தாள்.

கண்கள் மூடியிருந்தன. வாய் லேசாகத் திறந்திருந்தது. மூச்சு ஆழமாக, சீராக வந்தது. அந்தப் பெண் தூங்கிக்கொண்டிருந்தாள். தூங்கியபடியே பலகையில் ஏறி, சட்டியை இறக்கி, ஒரு சொட்டுக் கலவை சிந்தாமல் கவிழ்த்துவிட்டு, அடுத்த சட்டிக்காகத் திரும்பினாள். ஜெசிந்தா அடுத்த ஆளைப் பார்த்தாள். அதற்கடுத்த ஆளையும் பார்த்தாள். எல்லாரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

திட்ட மேலாளர் கதிரேசன் அவளைக் குளிர்ந்த அறைக்குள் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். எதையும் மறைக்க அவர் முயலவில்லை. தொப்பி மூளையைத் தூங்க வைக்கிறது. உறை தசைகளுக்கு மின்துடிப்புக் கொடுத்து உடம்பை அசைக்கிறது. எந்தக் கை எங்கே போக வேண்டும் என்பதைச் சுவர் நெடுக இருக்கும் கேமராக்களைப் பார்த்து ஒரு கணினி முடிவு செய்கிறது. உறைக்குள் குளிர்நீர்க் குழாய் ஓடுவதால் வெயில் உடம்பைச் சுடுவதில்லை. அதனால் உச்சி நேரத் தடையிலிருந்தும் விலக்கு உண்டு.

"இதுக்கு முந்தி என் கண்ணு முன்னால வெயில்ல சுருண்டு விழுந்து செத்திருக்காங்க மேடம். இது வந்தப்புறம் ஒருத்தர் சாகல" என்றார் கதிரேசன். அதைச் சொல்லும்போது அவர் குரலில் நடிப்பு இல்லை.

"அறிக்கையில இவங்க யாருமே இல்லையே."

"இருக்காங்களே. நீங்க கூலிப் பக்கத்த மட்டும் பாத்திருப்பீங்க. அதுல இருக்கிற பத்துப் பேரு கணினியப் பாத்துக்கிறவங்க."

அவர் திரையில் இன்னொரு பக்கத்தைத் திறந்து காட்டினார். இயந்திர வாடகை என்ற தலைப்பின் கீழ் கிரேன், கலவை இயந்திரம், நீர் இறைக்கும் பம்பு. அவற்றுக்குக் கீழே, இயங்கு உடல்கள். பக்கத்தில் எண்ணிக்கை.

ஜெசிந்தா அந்த இரண்டு சொற்களையும் திரும்பத் திரும்பப் படித்தாள். ஒளித்து வைத்த கணக்கைத் தேடி வந்தவள் அவள். இங்கே எல்லாம் வெட்ட வெளிச்சமாக இருந்தது.

கதிரேசன் பொறுமையாக விளக்கினார். கூலி என்பது வேலைக்கு. வேலை செய்கிறவர் தொழிலாளி. தூங்குகிறவர் எப்படித் தொழிலாளி ஆவார்? ஆபரேஷனுக்கு மயக்கம் கொடுத்துப் படுக்க வைத்தால், அந்த நேரத்தில் நோயாளி ஏதாவது செய்தார் என்று சொல்வோமா? வேலை செய்வது கணினி. அது உடம்பைக் கருவியாக எடுத்துக்கொள்கிறது. கருவிக்கு வாடகை கொடுக்கிறோம். சட்ட வல்லுநர்கள் பார்த்து, மேலிடத்தில் ஒப்புக்கொண்ட ஏற்பாடு இது. வாடகை எவ்வளவு என்று ஜெசிந்தா கேட்டாள். சித்தாள் கூலியில் கால் பங்குகூட வரவில்லை.

சாயங்காலம் வரை அவள் அங்கேயே இருந்தாள். வேலை முடிந்ததும் ஆட்கள் வரிசையாகக் கொட்டகைக்கு வந்து பெஞ்சில் அமர்ந்தார்கள். தொப்பிகள் கழன்றன. அவர்கள் விழித்த விதம்தான் ஜெசிந்தாவை இன்னும் உலுக்கியது. நெட்டி முறித்தார்கள், கொட்டாவி விட்டார்கள், பக்கத்தில் இருந்தவரைச் சீண்டிச் சிரித்தார்கள். நண்பகலில் சட்டி சுமந்த அந்தப் பெண் அஞ்சலை. கல்வராயன் மலைப் பக்கத்திலிருந்து கணவன் பலராமனோடு வந்தவள். ஜெசிந்தா கேட்டதற்கெல்லாம் தாராளமாகப் பதில் சொன்னாள்.

"நல்லாத்தான் இருக்கு மேடம். காலைல தொப்பி மாட்டுனா கண்ணு முழிக்கையில சாயங்காலம். வெயில் தெரியல, பாரம் தெரியல. மேஸ்திரி வாயில வுழ வேணாம். ஒடம்பு வலி மட்டும் இருக்கும், எங்க எப்புடி வந்துச்சின்னு தெரியாது. பகல்ல யாரும் நம்மள ஒண்ணும் சொல்றதில்ல."

அது உனக்கு எப்படித் தெரியும் என்று ஜெசிந்தாவின் வாய்வரை வந்தது. கேட்கவில்லை.

சட்ட மீறல் என்று அவள் எழுதி அனுப்பிய அறிக்கை மேலே போய்த் திரும்பி வந்தது. தொழிலாளி இல்லாத இடத்தில் கூலி மீறலும் இல்லை என்று ஒற்றை வரியில் முடித்திருந்தார்கள்.

மழை தொடங்குவதற்கு முன்னால் பலராமனின் வலது கை நசுங்கியது. கல்லை இறக்கும்போது அடியில் சிக்கிக்கொண்டது. விழித்திருந்தால் அலறியிருப்பான், அலறியிருந்தால் யாராவது ஓடி வந்திருப்பார்கள். அவன் தூங்கிக்கொண்டிருந்தான். பிடி தளர்ந்திருப்பதைக் கண்ட கணினி பாரத்தை இடது கைக்கு மாற்றிவிட்டு, நசுங்கிய கையையும் கூடமாட வைத்துக்கொண்டு அவனை மாலைவரை ஓட்டியது. தொப்பியைக் கழற்றிய பிறகுதான் அவன் தன் கையைப் பார்த்தான். மூன்று விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. நிறுவனம் அதை வாடகைக்கு எடுத்த கருவியின் பழுது என்று பதிந்துகொண்டது. கருவி ஓடாத நாட்களுக்கு வாடகை கிடையாது என்று ஒப்பந்தத்தில் இருந்தது.

மருத்துவமனையில் பலராமன் ஜெசிந்தாவிடம் கோபப்படவில்லை. தன் கையை யாரோ இரவல் வாங்கிப்போய் உடைத்துத் திருப்பித் தந்ததுபோல் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஜெசிந்தா தீர்ப்பாயத்துக்குப் போனாள். மனுவை அவளே எழுதினாள். ஒவ்வொரு வார்த்தையையும் யோசித்து, அடித்து, திருத்தி எழுதினாள். விழிப்பும் நினைவும் இல்லாத நிலையில் எந்த மனிதரையும் அரசுப் பணியில் ஈடுபடுத்தக் கூடாது. விழித்திருக்கும் ஒவ்வொருவருக்கும் நிலவும் கூலியை முழுதாகக் கொடுக்க வேண்டும். மனுவின் சாரம் இவ்வளவுதான்.

விசாரணையில் நிறுவனத்தின் வழக்கறிஞர் சத்தம் போடாமல் கேட்டார். விபத்து நடந்த அன்று என்ன வேலை செய்தீர்கள் என்று பலராமனைக் கேட்டார். தெரியாது என்றான். கல் கையில் விழுந்தது நினைவிருக்கிறதா? இல்லை. அப்போது வலித்ததா? இல்லை. அஞ்சலையிடமும் அதே கேள்விகள், அதே பதில்கள். ஒரு வருடமாக நீங்கள் அந்தச் சுவரில் செய்த ஏதாவது ஒரு வேலையைச் சொல்லுங்கள் என்றார். அஞ்சலை வெகுநேரம் யோசித்தாள். ஒன்றுமே அவளுக்குக் கிடைக்கவில்லை. தன் கண்ணால் பார்க்காத, தன் காதால் கேட்காத ஒன்றுக்கு ஒருவர் எப்படிச் சாட்சி சொல்ல முடியும் என்று வழக்கறிஞர் நீதிபதியைப் பார்த்துக் கேட்டார்.

ஜெசிந்தா எழுந்தாள். "அவருக்கு வலிச்சுது ஐயா. அப்ப வலிக்கல, சாயங்காலம் வலிச்சுது. இன்னைக்கும் வலிக்குது. வேலை செஞ்சது வேற யாரோன்னா, அந்த வலி அந்த ஆளுக்குத்தான போயிருக்கணும்?"

நீதிபதி அதை எழுதிக்கொண்டார்.

தீர்ப்பு அவள் பக்கம் வந்தது. மனுவில் அவள் கேட்டதைக் கேட்டபடியே கொடுத்திருந்தார் நீதிபதி. இனி யாரையும் தூங்க வைத்து வேலை வாங்கக் கூடாது. விழிப்பு இருந்தாக வேண்டும். முழுக் கூலி கொடுத்தாக வேண்டும். பலராமனுக்கு இழப்பீடும் உண்டு. தீர்ப்பாய வாசலில் அஞ்சலை ஜெசிந்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அலுவலகத்தில் கேசரி கிண்டினார்கள். பல வருடங்களுக்குப் பிறகு அன்று ஜெசிந்தா மதியத்தில் படுத்து நிம்மதியாகத் தூங்கினாள்.

நிறுவனம் மேல்முறையீடு செய்யவில்லை. அடுத்து வந்த அறிக்கையில் நூற்றுச் சொச்சம் பெயர்களும் இருந்தன. கொத்தனார், கம்பி கட்டுபவர், சித்தாள் என்று ஒவ்வொரு பெயருக்கும் எதிரே சரியான வேலை, சரியான கூலி, பணம் போய்ச் சேர்ந்ததற்கான சான்று. பணி நேரத்தில் விழிப்பு நிலை என்று புதிதாக ஒரு பத்தி சேர்த்து, எல்லாருக்கும் ஆம் என்று போட்டிருந்தார்கள். ஜெசிந்தா வங்கியில் விசாரித்தாள். உண்மைதான். அவள் ஒப்பமிட வேண்டியதுதான் பாக்கி. ஒப்பமிடும் முன் நேரில் ஒருமுறை பார்க்க வேண்டும் என்பது விதி. அந்த விதியே இல்லாவிட்டாலும் போயிருப்பாள். அவர்கள் பேசிக்கொண்டே வேலை செய்வதைப் பார்க்க அவளுக்கு ஆசையாக இருந்தது.

சுவரருகே போகும்போதே காது கூர்ந்து கேட்டாள். கல் உரசும் சத்தம், கலவை இயந்திரம், அலை.

அதே உறை, அதே தொப்பி. அஞ்சலை சட்டியோடு வந்துகொண்டிருந்தாள். ஜெசிந்தா ஓடிப்போய் எதிரே நின்றாள். அஞ்சலையின் கண்கள் திறந்திருந்தன. அவை ஜெசிந்தாவைப் பார்த்தன. உடம்பு ஜெசிந்தாவை விட்டு விலகி நடந்தது. கழுத்து திரும்பவில்லை. விழிகள் மட்டும் கடைக்கண் வரைக்கும் ஒதுங்கி, முடிகிற மட்டும் ஜெசிந்தாவையே பிடித்திருந்து, பிறகு நழுவின. கன்னத்தில் கண்ணீர் ஓடிக் காய்ந்த கோடுகள் இருந்தன. துடைக்க அவளுக்குக் கை இல்லை. கை சட்டியைப் பிடித்திருந்தது.

ஜெசிந்தா சுவர் நெடுகப் பார்த்தாள். நூறு ஜோடிக் கண்கள். கண்கள் அவள் இருக்கும் பக்கம் இழுக்க, உடம்புகள் வேறு பக்கம் போயின.

கதிரேசனின் அறை ஜன்னலில் புதிதாகத் திரை தொங்கியது. ஜெசிந்தா உள்ளே போய் உறைகளை நிறுத்தச் சொன்னாள். சாரத்தின் உச்சியில் ஆட்கள் நிற்கிறார்கள். நடுவில் உறையை அணைத்தால் தசைகள் தொய்ந்து அத்தனை பேரும் விழுவார்கள். மாலையில் எல்லாரும் தரையிறங்கிய பிறகுதான் அணைக்க முடியும் என்றார். அஞ்சலையின் உறையை மட்டுமாவது அணையுங்கள் என்றாள். ஒரு ஆளை எடுத்தால் அவள் சட்டிக்காகக் காத்திருக்கும் ஆள் தடுமாறுவார் என்றார். வாயைக்கூட அசைக்க முடியவில்லையே என்றாள். நாக்கைக் கடித்துக்கொள்ளக் கூடாது என்பதற்காகத் தாடையைப் பூட்டியிருக்கிறோம் என்றார்.

"முழிச்சுத்தான் இருக்காங்க மேடம். தூங்க வைக்கிற பாகத்த மட்டும் எடுத்துட்டோம். தீர்ப்புல அவ்வளவுதான இருக்கு?" என்றவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "என்னாலயும் பாக்க முடியல. அதான் திரை போட்டேன்."

விழிப்பும் நினைவும் என்று எழுதிய நேரம் அவளுக்கு ஞாபகம் வந்தது. எத்தனை முறை அடித்துத் திருத்திய வரி. விருப்பம் என்ற சொல்லை அதில் சேர்க்க அவளுக்குத் தோன்றவே இல்லை. விழித்திருக்கிற மனிதனின் கை அவன் சொன்னபடி கேட்கும் என்பதைத் தனியாக எழுத வேண்டியிருக்கும் என்று யார் நினைப்பார்கள்?

மாலையில் தொப்பிகள் கழன்றபோது யாரும் நெட்டி முறிக்கவில்லை, சிரிக்கவில்லை. சிலர் தங்கள் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் சுவரோரமாகப் போய் வாந்தி எடுத்தான். அஞ்சலை தாடையைத் தேய்த்துவிட்டுக்கொண்டே பேசினாள்.

"எறக்கி வையின்னு நானு சொல்றேன் மேடம், கை கேக்கல. தாகமா இருக்கு, தண்ணி அது குடுக்கிறப்பதான். கத்துறேன், உள்ளாறவே சுத்திச் சுத்திக் கேக்குது. எதுக்க எங்கூட சட்டி தூக்குற சின்னப்பொண்ணு வர்றா, அவளும் கத்துறான்னு கண்ணுல தெரியுது. நானும் பாக்குறேன், அவளும் பாக்குறா. நாளெல்லாம் அதேதான்."

வேலையை விட்டுவிடுங்கள் என்றாள் ஜெசிந்தா. அஞ்சலை முடியாது என்று தலையசைத்தாள். பலராமனால் இனி எந்த வேலைக்கும் போக முடியாது. வட்டாரத்தில் எந்த அரசு வேலைக்குப் போனாலும் இந்த உறைதான். இப்போது வருவது முழுக் கூலி. கூலியைப் பற்றிக் குறையே இல்லை என்று இரண்டு முறை சொன்னாள். பிறகு பெஞ்சில் இருந்தவர்களைத் திரும்பிப் பார்த்தாள். ஏற்கெனவே அவர்கள் கூடிப் பேசியிருந்தார்கள் என்பது ஜெசிந்தாவுக்குப் புரிந்தது.

"ஒங்கள்ட்ட எல்லாரும் ஒண்ணு கேக்கணும்னு இருந்தோம். கோவிச்சுக்காதீங்க. எங்களத் திரும்பத் தூங்க வைக்கச் சொல்லிடுங்க. பழைய வாடகையே போதும்."

ஜெசிந்தா அவர்களோடு பெஞ்சில் உட்கார்ந்தாள். கேட்டதைச் செய்துவிட முடியும். அவள் வெற்றி பெற்ற வழக்கை அவளே போய்க் கலைத்தால் போதும். ஆனால் அவர்கள் பேசப் பேச இன்னொன்றும் அவளுக்கு உறைத்தது. அன்று கூண்டில் நின்று ஒரு வேலையைக்கூடச் சொல்ல முடியாமல் தவித்தவள் இப்போது நாள் முழுவதையும் நிமிஷம் தவறாமல் சொல்கிறாள். இனிமேல் எந்த வழக்கறிஞரும் இவளிடம் உனக்கென்ன தெரியும் என்று கேட்க முடியாது. விழித்திருக்கிற வரைக்கும்தான் இவர்கள் சாட்சி. தூங்கிவிட்டால் மறுபடியும் கருவி.

இதை அவள் மறைக்காமல் சொன்னாள்; விருப்பம் என்ற சொல்லைச் சேர்த்துப் புதிதாக வழக்குப் போடலாம் என்றாள். வழக்கு முடிய எவ்வளவு காலம் ஆகும் என்று அஞ்சலை கேட்டாள். தெரியாது, மாதக்கணக்கில் ஆகலாம் என்றாள். அதுவரைக்கும் தினமும் இதே மாதிரியா? ஆமாம். சின்னப்பொண்ணு எழுந்து வெளியே போய்விட்டாள்.

"இத ஒங்களுக்கு எப்புடிச் சொல்லிப் புரிய வைக்கிறது" என்றாள் அஞ்சலை. கோபமாகச் சொல்லவில்லை. "ஒரு நாளு மாட்டிப் பாருங்க. பாத்துட்டு, இருங்கடின்னு சொல்லுங்க. இருக்கோம்."

பணியிடத்தில் உள்ள எந்தக் கருவியையும் இயக்கிப் பரிசோதிக்க ஆய்வாளருக்கு அதிகாரம் உண்டு. மறுநாள் காலை ஜெசிந்தா அந்த விதியைக் காட்டியபோது கதிரேசன் வெகுநேரம் தடுத்துப் பார்த்தார். மாலை வரைக்கும் நிறுத்த முடியாது மேடம், நீங்கள் வேண்டாம் என்று நினைத்தாலும் எங்களுக்குத் தெரியாது என்றார். தெரிந்துதான் கேட்கிறேன் என்றாள். உறையின் கொக்கிகளை அஞ்சலைதான் மாட்டிவிட்டாள். தோளில், இடுப்பில், முழங்காலில் என்று ஒவ்வொன்றாக இறுக்கினாள். உறை சில்லென்று உடம்போடு ஒட்டியது. ஜெசிந்தாவின் நெஞ்சு அடித்துக்கொள்வது வெளியில் தெரிந்திருக்க வேண்டும்; அஞ்சலை ஒரு கணம் அங்கே கையை வைத்து எடுத்தாள்.

தொப்பியைத் தூக்கியவள் பாதியில் நிறுத்தினாள்.

"மூக்கு கீக்கு அரிக்குதான்னு பாத்துக்குங்க. இப்பவே சொறிஞ்சுக்குங்க."

ஜெசிந்தாவுக்கு எங்கும் அரிக்கவில்லை. இருந்தாலும் மூக்கைச் சொறிந்துகொண்டாள். நெற்றியையும், காது மடலையும், கழுத்தையும் சொறிந்துகொண்டாள். எச்சிலை விழுங்கினாள். போதும் என்று தலையசைத்தாள். தொப்பி இறங்கியது. எதிரே அஞ்சலை தன் தொப்பியைத் தானே மாட்டிக்கொள்வது தெரிந்தது. பிறகு ஜெசிந்தா, தான் நினைக்காமலேயே, எழுந்து நின்றாள்.